வரலாறு படித்தவருக்கு எந்த வாசல்?

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் கொருக்குப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: “ஹிஸ்டரி படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?” கேட்பவர் சரக்கு யார்டில் மூட்டை தூக்கியவராக இருக்கலாம், மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போவது அந்தப் பிள்ளைதான். கேள்வியில் தவறே இல்லை. பதில் சொல்பவர்கள்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். “ஹிஸ்டரி எடுத்தா ஐ.ஏ.எஸ். ஆகலாம்” என்பது ஒரு கட்சி. “பி.காம். கெடைக்காதவங்க எடுக்கிறதுதானே அது” என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்டுவிட்டுக் கல்லூரிக்குள் போகும் பிள்ளை, மூன்றாண்டு கழித்து வெளியே வரும்போதும் அதே கேள்வியோடு வருகிறது.

மூன்று வகை வேலைகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வரும் குழப்பம் இது. வரலாறு என்ற பட்டத்தையே பெயர் சொல்லிக் கேட்கும் வேலைகள் சில உண்டு. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும் என்பவை ஏராளம். பட்டத்தின் பெயரை யாரும் கேட்காவிட்டாலும், வரலாற்று வகுப்பில் ஒழுங்காகப் படித்தவர் செய்யக்கூடிய காரியத்தைக் கேட்கும் வேலைகள் மூன்றாவது வகை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, செலவாகும் வருடங்கள் வேறு. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியிலோ, கடற்கரைச் சாலை மாநிலக் கல்லூரியிலோ சேரும் வடசென்னைப் பிள்ளையிடம் இதை முதலாண்டிலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். இங்கே கொஞ்சம் முயல்வோம்.

பெயர் சொல்லிக் கேட்கும் வேலைகளில் பெரியது பள்ளி ஆசிரியர் பணி. பி.ஏ. வரலாறு, பிறகு பி.எட். முடித்தால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியருக்கான அடிப்படைத் தகுதி வந்துவிடும். 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. அதற்கு முன் ஓராண்டில் முடித்த அண்ணன், அக்கா சொல்லும் கணக்கு இன்று செல்லாது. அதற்கு மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட். இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் தலா 30. அந்த 60-லும் புவியியல், குடிமையியல், பொருளியல் பங்கு போடுகின்றன. அதாவது வரலாறு மட்டும் தெரிந்தவர் தேறுவது கடினம்.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. டெட் தேறினால் வேலை வந்துவிடும் என்று நம்புகிறார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்கு நியமனத்துக்கென்று தனிப் போட்டித் தேர்வு உண்டு என 2018-இல் அரசாணை வந்தது. பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது 2024 பிப்ரவரியில். 2013-இல் டெட் தேறியவர்கள் பத்தாண்டுக்கு மேல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்கும் நடந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. வேலை கிடைத்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய்; படிகள் தனி. நல்ல வேலைதான். ஆனால் பி.ஏ.வில் சேரும் நாளிலிருந்து எண்ணினால் படிப்புக்கே ஐந்து வருடம், அதன் பிறகு இரண்டு தேர்வு, அந்தத் தேர்வுகள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. இந்தக் கணக்கை வீட்டில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும், அங்கே டெட் கிடையாது, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வுதான். இதில் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. பட்டச் சான்றிதழில் ‘வரலாறு’ என்று மட்டும் இல்லாமல் சுற்றுலாவோடோ, பண்பாட்டோடோ, தொல்லியலோடோ சேர்ந்த பெயர் இருந்தால், அது வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும்போதே பார்த்துவிட வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

கல்லூரி ஆசிரியர் ஆவதற்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, அல்லது முனைவர் பட்டம். நிரந்தர இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்க, அரசுக் கல்லூரிகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் அளவில் தருகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை. பிஎச்.டி. முடித்தவருக்கு இந்தச் சம்பளம் கொடுத்துவிட்டு, “வரலாற்றுக்கு மதிப்பில்லை” என்று பாடத்தின் மேல் பழி போடுவது சரியில்லை. காலியிடத்தை நிரப்பாதது பாடத்தின் குற்றமாகாது.

அடுத்தது தொல்லியல். 2015-இல் கீழடியில் மண்ணைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து வரலாற்று மாணவர்களுக்கு இந்தத் துறைமேல் தனி ஆசை. ஆசைப்படலாம், வாசலின் அகலத்தையும் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறையே இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. அகழாய்வு, கல்வெட்டு வாசிப்பு இரண்டும் கற்றுத் தருவார்கள். வெறும் எம்.ஏ. வரலாற்றோடு அகழாய்வுக் குழிக்கு மேலே நின்று வேடிக்கைதான் பார்க்கலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆறு அவர்களுக்கு வெறும் சாம்பல் கழிவுச் செய்தியாகவே தெரியும். அதே ஆற்றுப் படுகையில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது அதிரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்த சில மாதங்களில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அங்கேயும் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்து, அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு கட்டுரை, இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததாகச் சொன்னது. உலகம் திரும்பிப் பார்த்த இந்த வேலைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் வரலாறு மட்டும் படித்தவர்கள் அல்லர்; மண்ணியலும் காலக்கணிப்பு இயற்பியலும் தெரிந்தவர்கள் சேர்ந்து செய்தார்கள். ஃபூட்டே நிலவியலாளர்தான். தொல்லியலுக்குப் போக விரும்பும் வரலாற்று மாணவர் அறிவியலைப் பத்தாம் வகுப்போடு கைகழுவக் கூடாது.

இந்தத் துறையில் வேலை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1966-இல் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணத்திலோ அனுமதியிலோ சாலை, அணை எதைக் கட்டினாலும் அங்குள்ள பழமைக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்த்தாக வேண்டும் என்றது. பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே? தொல்லியலாளர்களுக்கும் வரலாற்றாளர்களுக்கும் ஒரு தொழிலே உருவானது. இங்கிலாந்திலும் 1990-க்குப் பிறகு கட்டுமானக்காரரே அகழாய்வுச் செலவை ஏற்கும் வழக்கம் வந்தது. நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாடு, அதோடு சரி. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியும் பல ஆண்டுகள் செயலுக்கு வராமலே கிடந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் துணி வெளுக்கும் இடங்களும் காலெட் கவர்னர் நெசவாளர்களைக் குடியேற்றிய காலாடிப்பேட்டையும் இருந்த தடத்தில் போகும் பாதை அது. அப்படியொரு சட்டம் இங்கேயும் இருந்திருந்தால், அந்த வேலையில் உள்ளூர் வரலாற்றுப் பட்டதாரிகள் பத்துப் பேருக்காவது சம்பளம் வந்திருக்கும்.

ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், இடங்களும் சுருக்கமே. எழும்பூரில் இருக்கும், 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும், 1909-இல் கட்டி முடித்த செங்கல் கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கொருக்குப்பேட்டையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். காப்பாட்சியர் போன்ற பதவிகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் எப்போதாவது அறிவிக்கும். மாநில அரசுக்கு வெளியே பார்த்தால், 1994-இல் அமைந்து இப்போது தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்றவை. அட்டவணை தயாரிக்க, பழைய அச்சை மின்னுருவாக்க, குறிப்பெழுத அங்கே ஆள் தேவைப்படும். தமிழ்வழியில் படித்ததைப் பலர் குறையாக நினைத்துக் கூசுகிறார்கள். பழைய தமிழ் அச்சு, ஓலை, கல்வெட்டு என்று வரும்போது அதுவே கைமுதல். திருவொற்றியூர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் எழுத்தெழுத்தாக நிற்கின்றன. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்தத் தெருவில் எத்தனை பேர்? ஆனால் கம்பெனிக் காலப் பதிவேடுகள் ஆங்கிலக் கையெழுத்தில் இருப்பதால், தமிழோடு மட்டும் காப்பகத்துக்குள் போனால் பாதி அலமாரிகள் திறக்காது. இரண்டும் வேண்டும்.

இனி, ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற வேலைகள். இவற்றுக்குப் பெரிய வாசல் தேர்வாணையம். தேர்வாணையம் என்றால் வடசென்னைக்கு வெறும் சம்பள விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர், நெசவுத் தொழில் நடத்தியவர், 1916 டிசம்பரில் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கையில் அடுக்கியது என்ன? எந்த அரசுப் பதவியில் யார் எத்தனை பேர் என்ற கணக்கு. அந்த அரசியலின் தொடர்ச்சியாக 1929-இல் சென்னையில் அமைந்ததுதான் மாகாணத் தேர்வாணையம். இந்தியாவிலேயே மாகாண அளவில் அது முதல். அதன் வாரிசுதான் இன்றைய டி.என்.பி.எஸ்.சி. ஆகவே அரசு வேலைமீது இந்தப் பகுதிக்கு இருக்கும் ஆசையை ஏளனம் செய்பவர்கள் வரலாறு தெரியாதவர்கள்.

ஆசை சரி, கணக்கு? “ஹிஸ்டரி ஸ்டூடண்டுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஈஸி” என்று கோச்சிங் சென்டர் போர்டு சொல்லும். குரூப் 4 தேர்வில் 200 வினா. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. அந்த 75-இல் அறிவியலும் அரசமைப்பும் பொருளாதாரமும் நடப்பு நிகழ்வுகளும் போக மிச்சம்தான் வரலாறு. தமிழக வரலாறு, சமூக இயக்கங்கள் என்று தனிப் பகுதி இருப்பதால் கொஞ்சம் சாதகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தட்டில் பாதி தமிழ்தான் இருக்கிறது, தலைவிதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த 25 கணக்கு. 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்குப்படி ஓர் இடத்துக்கு 300 பேருக்கும் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, குரூப் 4-க்குப் பட்டமே தேவையில்லை, பத்தாம் வகுப்பு போதும். பட்டதாரிக்கான வாசல் குரூப் 2, குரூப் 1. மூன்று வருடம் பட்டம் படித்துவிட்டு நான்காவது வாசலில் மட்டும் நிற்பதை முதல் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் அதைத் திருத்தினார்கள்: பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ்வழியில் படித்ததற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழ் தனித்தனியாக வாங்க வேண்டும். படித்த பள்ளி மூடப்பட்டுவிட்டால் அலைச்சல் அதிகம். இதைக் கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே முடித்துவிடுவது நல்லது.

கொருக்குப்பேட்டைக்கு ரயில்வே பக்கத்து வீடு மாதிரி. ரயில்வே என்.டி.பி.சி. தேர்வில் ஸ்டேஷன் மாஸ்டர், நாம் கூட்ஸ் கார்டு என்று சொல்லிப் பழகிய சரக்கு ரயில் மேலாளர் பதவிகளுக்கு எந்தப் பட்டமும் செல்லும். முதல் கட்டத்தில் 100 வினாவில் பொது அறிவு 40, கணக்கு 30, தர்க்க அறிவு 30. யார்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இதை எழுதாமல் விடுவதற்குக் காரணம் கணக்குப் பயம் ஒன்றுதான். பத்தாம் வகுப்புக் கணக்கை ஒரு வருடம், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று மறுபடி போட்டுப் பார்த்தால் போகக்கூடிய பயம் அது. மத்திய குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராக விரும்புவோருக்கு, தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

மூன்றாவது வகைக்கு வருவோம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வரலாறு படித்தவர் கற்றுக்கொள்ள வேண்டிய கைத்தொழில் ஒன்று உண்டு: ஒரு சங்கதியைப் பற்றி நாலு ஆவணம் நாலு விதமாகச் சொன்னால், எதை யார் எப்போது எதற்காக எழுதினார் என்று பார்த்து, எதை நம்பலாம் என்று முடிவு செய்து, அதைப் புரியும்படி எழுதுவது. மன்னர் பெயரும் போர் நடந்த வருடமும் அதற்கான பயிற்சிப் பொருள். பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் வைத்துக்கொண்டு வழக்கறிஞர் செய்வது இதே வேலை. எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டு சட்டம் படிக்கலாம். குடிசைப் பகுதி நிலச் சிக்கல்கள் மலிந்த வடசென்னைக்கு, பழைய பத்திரம் வாசிக்கத் தெரிந்த வக்கீல்கள் இன்னும் நிறைய வேண்டும். பாரிமுனைப் பக்கம் சுங்க முகவர் அலுவலகங்களில் சரக்குப் பட்டியலையும் விலைச்சீட்டையும் கப்பல் ரசீதையும் ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிப்பவர் செய்வதும் இதன் தங்கை முறை வேலைதான். பத்திரிகை, பதிப்பகம், ஆவணப்படம் என்று போனவர்களும் உண்டு.

இந்த வகைக்கு நல்ல சான்று சு. தியடோர் பாஸ்கரன். வரலாறு படித்தவர், அஞ்சல் துறை அதிகாரியாகப் பணியாற்றி, தமிழ்நாட்டுத் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வுபெற்றார். அந்த வேலையில் இருந்துகொண்டே நாடகமும் சினிமாவும் தேசிய அரசியலும் எப்படிக் கலந்தன என்று ஆராய்ந்து 1981-இல் நூலாக்கினார். தமிழ் சினிமா ஆய்வு அங்கிருந்து வேறு தளத்துக்குப் போனது. எதிர்த் திசையில் ஐராவதம் மகாதேவன். படித்தது வேதியியலும் சட்டமும், வேலை ஐ.ஏ.எஸ்.; தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 2003-இல் வந்தது. மருத்துவம் போல வரலாற்றுக்கு உரிமம் கிடையாது. வெளியே இருந்து யாரும் உள்ளே வரலாம், உள்ளே படித்தவர் எங்கும் போகலாம். வேலியில்லாத வயலில் பயிர் தன் பலத்தில்தான் நிற்க வேண்டும்.

அந்தக் கைத்தொழிலை நம் கல்லூரிகள் கற்றுத் தருகின்றனவா என்று கேட்டால், என் பதில் கசப்பானது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ற பெயரில் ஜெராக்ஸ் கடையில் பைண்ட் செய்து தருவதைக் கல்லூரி வாங்கி அடுக்கி வைக்கிறது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் நிற்கிறது. 1918-இல் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதை பெரம்பூர், புளியந்தோப்புத் தெருக்களில் இன்னும் ஞாபகமாக இருக்கிறது. 1996-இல் மூடிய அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள் பலர் இப்போதும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து எழுதிய நாற்பது பக்கம், எந்த நேர்காணலிலும் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

பட்டம் முடித்த பிறகு வருவதுதான் பெரிய இழப்பு. “எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கேன்” என்ற ஒரே வாக்கியத்தில் இருபத்தொன்றிலிருந்து இருபத்தெட்டு வரை கரைந்துபோகிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. கடுமையாக உழைக்கிறார்கள், ஒரே வாசலில் நின்று உழைக்கிறார்கள். தேர்வுக்குப் படிப்பவர் இரண்டு வருடம் என்று வரம்பு வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வருடமும் பி.எட்., சட்டம், எம்.ஏ. என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். அந்த இரண்டாவது படிப்பு எது என்பதைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காலம் இன்னும் குறுகியது. வேலை வருவதற்குள் வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். “முதலில் வேலை” என்று பெற்றோர் சொன்னால் மட்டுமே அவர்களுக்கு அந்த இரண்டு வருடம் கிடைக்கும்.

கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்ற விவரத்தை நாக் தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் திரட்டுகின்றன. அந்தக் கோப்பு ஆய்வுக் குழு வரும் நாளில் திறக்கிறது, பிறகு பீரோவுக்குள் போய்விடுகிறது. வரலாற்றுத் துறைகள் கடந்த ஐந்தாண்டு விவரத்தை, பெயர் இல்லாமல், எந்த வேலை, எத்தனை பேர், படித்து எத்தனை வருடம் கழித்து என்று ஒரு தாளில் தமிழில் எழுதிச் சேர்க்கை நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். வரும் ஜூன் மாதமே செய்யலாம்.